துளையைப் பாருங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்

வாசகர் கடிதம்: "தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் நானும் என் மகளும் திருச்சியிலிருந்து விமானத்தில் வியட்நாம் சென்று ஆறு நாள் தங்கி வருகிறோம். தை மாதம் மகளுக்குத் திருமணம். என் ஐயாவின் அப்பச்சி (பாட்டனாரின் தந்தை) சைகோனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போயிருந்த காலத்தில் வாங்கி வந்த இரட்டைச் சர முத்துமாலை ஒன்று எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. முத்துகள் மஞ்சளித்துவிட்டன, சில உதிர்ந்தும் போயின. சைகோனிலுள்ள பென் தான் சந்தையில் முத்து மலிவு என்கிறார்கள். பழைய முத்துகளை எடுத்துவிட்டு, அதே அளவில் புது முத்து வாங்கி வந்து நம் பத்தரிடம் கோக்கக் கொடுக்கலாமா? அல்லது அங்கேயே தங்கத்தில் கட்டிய நகையாக வாங்கிவிடலாமா? நாற்பதாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். பல்லில் உரசிப் பார்த்தால் அசல் தெரிந்துவிடும் என்று அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) சொல்கிறார்கள். அது போதுமா?"

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு,

காரைக்குடியில் முப்பது ஆண்டுகளாக நகை மதிப்பீடு செய்துவரும் எனக்கு, பயணத்துக்குப் பிறகு வரும் கடிதங்களே அதிகம். வாங்கி வந்த சரத்தை மேசையில் வைத்து "இது அசலா?" என்று கேட்பார்கள். நீங்கள் புறப்படுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: அந்தச் சந்தையில் முத்தைச் சரமாக வாங்குங்கள், தங்கத்தில் கட்டிய நகையாக வாங்க வேண்டாம். பெட்டகத்தில் இருக்கும் பழைய மாலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியது கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. அதுவரை அந்த மாலையைப் பத்தரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

நகையாக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் முத்தின் துளை. ஒரு முத்து எப்படிப்பட்டது என்பதை மேற்பரப்பைவிடத் துளையின் வாய்தான் தெளிவாகச் சொல்லும். கண்ணாடி மணிக்கு முத்து நிறப் பூச்சுக் கொடுத்த போலியாக இருந்தால், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் துளையின் விளிம்பைப் பார்த்ததுமே, பழஞ்சுவரில் சுண்ணாம்பு பெயர்வதுபோல் பூச்சு பெயர்ந்து உள்ளே கண்ணாடி பளபளப்பது தெரியும். சாயம் ஏற்றிய முத்தாக இருந்தால், நிறம் துளையைச் சுற்றி மட்டும் அடர்ந்து ஒரு வளையமாகத் தங்கியிருக்கும். சில வேளைகளில் கோத்த நூலிலும் அந்தச் சாயம் ஏறியிருக்கும். உள்ளே கருவாகச் சிறு மணி ஒன்றை வைத்து வளர்த்த கடல் முத்தாக இருந்தால், மேலே முத்துப் படலமும் உள்ளே கருவும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். படலம் எவ்வளவு கனம் என்பதை அந்தக் கோட்டை வைத்தே கணிக்கலாம். தோட்டிலோ பதக்கத்திலோ மோதிரத்திலோ வைத்த முத்தைப் பாதித் துளையிட்டு, ஊசியில் பசை தடவிச் செருகிவிடுவார்கள்; அப்போது துளையின் வாய் அடைபட்டு, பார்க்க வேண்டியது எதுவும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதோடு அங்குள்ள தங்கத்தில் நம் ஊர் ஹால்மார்க் முத்திரை இருக்காது; மாற்று எவ்வளவு என்பதைச் சந்தையில் நின்றபடி யாராலும் சொல்ல முடியாது. முத்தை அங்கே வாங்குங்கள். தங்க வேலையை இங்கே உங்கள் பத்தரிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணமிண்டி சொன்ன சோதனைக்கு வருகிறேன். முன்பல்லின் நுனியில் முத்தை மெல்ல உரசினால், அசல் முத்து மிக நுண்ணிய மணலைத் தொட்டதுபோல் நறநறக்கும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வழுக்கிக்கொண்டு போகும். சந்தையில் பலர் கைபட்ட முத்தை வாயருகே கொண்டுபோவதைவிட, இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று மெல்லத் தேய்த்துப் பார்ப்பது நல்லது. அதே நறநறப்பு விரலில் தெரியும். ஆனால் இந்தச் சோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தரும்: மேலே இருப்பது சிப்பி சுரந்த படலமா, வெறும் பூச்சா என்பதற்கு. கடலில் தானாக விளைந்த முத்தும், மனிதர் கரு வைத்து வளர்த்த முத்தும், சாயம் ஏற்றிய முத்தும், படலம் மிக மெலிந்த முத்தும் பல்லில் ஒரே மாதிரிதான் நறநறக்கும். கடைக்காரர் உங்கள் கண்முன்னே ஒரு முத்தைக் கத்தியால் சுரண்டி வெள்ளைத் தூளைக் காட்டலாம், லைட்டரின் தீயில் காட்டலாம். அதுவும் இதே ஒரு கேள்விக்கான பதில்தான். உங்கள் பணம் பெரும்பாலும் போலியால் போவதில்லை ஆச்சி. அசல் முத்துக்கே அதன் தரத்துக்கு மீறிய விலையைக் கொடுப்பதால்தான் போகிறது.

ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "இது எந்த முத்து?" என்பது. இன்று உலகெங்கும் கடைகளில் விற்கப்படும் முத்துகளில் ஏறக்குறைய எல்லாமே வளர்ப்பு முத்துகள். ஜப்பானில் மிகிமோட்டோ கோகிச்சி 1893-ஆம் ஆண்டு அரைக்கோள வடிவில் முதல் வளர்ப்பு முத்துகளை எடுத்துக் காட்டினார். முழு உருண்டை முத்துகள் அதற்குப் பின் வந்தன. நம் தூத்துக்குடியிலேயே முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1973-இல் அங்கே வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். எனவே சந்தையில் ஒருவர் "இது இயற்கை முத்து" என்று சொல்லி உங்கள் நாற்பதாயிரத்துக்குள் ஒரு சரம் தருவாரானால், அந்தச் சொல்லை நம்பாமல் கடந்து போய்விடுங்கள். பரோடா அரச குடும்பத்தின் இயற்கை முத்துகளைக் கொண்டு அமைந்த இரட்டைச் சர மாலை ஒன்று 2007-இல் நியூயார்க் ஏலத்தில் 70 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. வளர்ப்பு முத்து என்பதில் குறை ஒன்றும் இல்லை. அதுவும் சிப்பிக்குள் சிப்பி சுரந்து விளைந்ததுதான்.

வளர்ப்பு முத்துகளில் நீங்கள் அங்கே அதிகம் பார்க்கப்போவது சீனத்தின் நன்னீர் முத்து. ஒரு நன்னீர்ச் சிப்பிக்குள் ஒரே நேரத்தில் பல முத்துகளை வளர்க்க முடியும் என்பதால் அதன் விலை குறைவு. மலிவு என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள்: பெரும்பாலான நன்னீர் முத்துகளில் மணிக் கரு கிடையாது, சிப்பியின் சதைத் துணுக்கு ஒன்றை மட்டும் வைத்து வளர்ப்பதால் முத்து முழுவதுமே படலம்தான், அன்றாடம் அணிவதற்கு அதைவிட உழைக்கும் முத்து இல்லை. அடுத்தது அகோயா என்னும் கடற்சிப்பி முத்து. வியட்நாமின் ஹாலோங் விரிகுடாவிலும் ஃபூ குவோக் தீவிலும் இந்த முத்து வளர்க்கப்படுகிறது. இதற்குள் சிப்பி ஓட்டிலிருந்து உருட்டி எடுத்த கரு இருக்கும். அதன்மேல் படரும் படலம் சில இடங்களில் அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. படலம் மிக மெலிந்திருந்தால், சரத்தை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பும்போது உள்ளேயிருக்கும் கருவின் வரிகள் இமை கொட்டுவதுபோல் மின்னி மறையும். அப்படி மின்னும் சரத்தை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சில ஆண்டு வியர்வையிலேயே படலம் தேய்ந்து கரு வெளியே தெரிந்துவிடும். மூன்றாவது, பத்து மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய முத்துகள். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் விளையும் தென்கடல் முத்துச் சரம் பல இலட்சம் ரூபாய் மதிப்புடையது. அதே அளவில், கரு வைத்து வளர்த்த சீன நன்னீர் முத்துகளும் இப்போது வருகின்றன. அழகானவைதான், ஆனால் தென்கடல் விலைக்கு அவற்றை வாங்கிவிடக் கூடாது. ஃபூ குவோக் தீவின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள் என்பதாலேயே முத்து அந்தத் தீவில் விளைந்ததாகிவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்தது நிறமும் ஒளியும். இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் வெளிநாட்டுச் சந்தை ஒன்றில், மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்த கடையில், பொன்னிறச் சரம் ஒன்றைக் கண்டு மயங்கி வாங்கி வந்தேன். ஊருக்கு வந்து வளவில் முற்றத்து வெளிச்சம் நேராக விழும் இடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்தபோதுதான், ஒவ்வொரு முத்தின் துளையைச் சுற்றியும் காவி நிறம் தேங்கியிருந்ததைக் கண்டேன். கடையிலேயே வாசலுக்கு நான்கு எட்டு நடந்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தச் சரத்தை இன்றும் விற்காமல் வைத்திருக்கிறேன்; புதிதாகத் தொழில் பழக வருபவர்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுகிறேன்.

முத்து தன்னைச் சுற்றியிருக்கும் நிறத்தையெல்லாம் வாங்கித் திருப்பித் தரும். ஆத்தங்குடிக் கல் பதித்த சிவப்புத் தரையில் வைத்துப் பார்த்தால் சாதாரண வெள்ளை முத்தும் இளஞ்சிவப்புச் சாயல் காட்டும். கடையில் நீல வெல்வெட்டில் வைத்தால் மங்கிய முத்தும் வெள்ளி போல் தெரியும். எனவே துவைத்த வெள்ளைப் பருத்திக் கைக்குட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பென் தான் சந்தை 1914-இல் திறக்கப்பட்ட கூரையிட்ட பெரிய கட்டடம். உள்ளே நடுவரிசைக் கடைகளில் விளக்கொளிதான். காலை நேரத்தில் போய், பிடித்த சரங்களைக் கடைக்காரரோடு சேர்ந்தே வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரே சரத்தை உற்று நோக்கினால் கண் பழகிவிடும். மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முத்தின் மேல் உங்கள் முகமும் சன்னல் சட்டமும் கூர்மையாக விழுந்தால் அதன் நீரோட்டம், அதாவது மேற்பரப்பின் ஒளி, நல்லது. பால் தெளித்ததுபோல் மங்கலாக விழுந்தால் இல்லை. பிறகு சரத்தைக் கைக்குட்டையின் மேல் உருட்டுங்கள். முத்துகள் உருண்டையாக இருந்து துளையும் நடுவில் விழுந்திருந்தால் சரம் ஒரே சீராக ஓடும்; இல்லாவிட்டால் தள்ளாடும். அத்தனை முத்தும் அச்சில் வார்த்ததுபோல் சிறு புள்ளியும் இல்லாமல் ஒன்றுபோலவே இருந்தால், மகிழ வேண்டாம். அப்படியொரு சரத்தை இந்த விலையில் இயற்கை தருவதில்லை.

கோத்த சரமாக இருந்தால் முத்துக்கு முத்து முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். முடிச்சு இருந்தால் நூல் அறுந்தாலும் ஒரு முத்துதான் விழும். முத்துகளும் ஒன்றோடொன்று உரசித் தேயாது. ஆனால் அங்கே தற்காலிக நூலில் கோத்த சரங்களும் கிடைக்கும். நமக்கு உகந்தது அதுதான்: துளையைப் பார்ப்பதும் எளிது, எப்படியும் இங்கே பட்டு நூலில் கோக்கப்போகிறீர்கள்.

விலையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. நன்னீர் முத்துச் சரம் தரத்துக்கேற்பச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை இருக்கும். நல்ல உருண்டையும் கூர்மையான ஒளியும் உள்ளது இன்னும் ஏறும். உயர்ந்த அகோயாச் சரம் இலட்சத்தைத் தொடும். உங்கள் நாற்பதாயிரத்துக்கு முதல்தரமான நன்னீர் முத்தில் இரட்டைச் சரம் தாராளமாக அமையும். அதே பணத்தில் அகோயா வாங்கினால் படலம் மெலிந்ததுதான் கைக்கு வர வாய்ப்பு அதிகம். மகள் திருமணத்தன்று மட்டுமின்றிப் பிறகும் அணிய வேண்டும் என்று நினைத்தால், நான் நன்னீர் முத்தையே சொல்வேன். ஏழு மில்லிமீட்டர் முத்தென்றால் பதினாறு அங்குலச் சரத்துக்கு ஏறத்தாழ 55 முத்து வரும். உங்களுக்கு வேண்டிய நீளத்துக்குக் கணக்கிட்டு, நான்கைந்து முத்து கூடுதலாகவே வாங்கி வையுங்கள், பின்னால் அதே சாயலில் தேடினால் கிடைக்காது. வியட்நாம் பணத்தில் சுழிகள் அதிகம் என்பதால் பேரத்தின் நடுவில் குழம்பிவிட வேண்டாம்: ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங், ஆக முப்பது இலட்சம் டாங் என்பது பத்தாயிரம் ரூபாய். சந்தையில் முதலில் சொல்லும் விலையைக் கொடுக்க யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் முத்தைப் பார்த்து முடிக்கும் வரை விலைப்பேச்சைத் தொடங்காதீர்கள்; பேரம் தொடங்கிவிட்டால் கண் முத்தில் நிற்காது.

பில்லில் "முத்துமாலை" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். வளர்ப்பு முத்து, நன்னீரா கடலா, சாயம் ஏற்றியதா இல்லையா, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை முத்து என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சாயம் இல்லை என்று வாயால் சொல்பவர் அதை எழுதத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். கடையிலேயே அச்சிட்டு வைத்திருக்கும் சான்றிதழ் அட்டை கடைக்காரரின் சொல்லுக்கு மேல் எதுவும் இல்லை. அதே கடைகளில் பவளமும் ஆமையோட்டில் செய்த சீப்பும் வளையலும் கண்ணில் படலாம். அவற்றைத் தொடவே வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தின்படி ஊர் திரும்பும்போது பெரும் சிக்கலாகிவிடலாம்.

சுங்கத்தைப் பற்றி இரண்டு செய்திகள். நகைக்கென்று உள்ள தனிச் சலுகை வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் தங்கித் திரும்புவோருக்கு உரியது. ஆறு நாள் சுற்றுலா செல்பவருக்கு அது பொருந்தாது. பொதுவான தீர்வையற்ற வரம்பு அவ்வப்போது மாறுவதால், புறப்படும் வாரத்தில் சுங்கத்துறையின் இணையதளத்தில் பார்த்துக்கொண்டு, பில்லைக் கைப்பையில் வைத்திருங்கள். வைரத்தோடு போன்ற உங்கள் சொந்த நகைகளை அணிந்து போவதாக இருந்தால், போகும்போதே திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகளிடம் காட்டிச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அவை அங்கே வாங்கியவையல்ல என்று நிரூபிக்க அது உதவும்.

இப்போது பெட்டகத்து மாலைக்கு வருகிறேன். நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் அந்தச் சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. உங்கள் ஐயாவின் அப்பச்சி நடமாடிய தெருக்களில்தான் நீங்களும் மகளும் நடக்கப்போகிறீர்கள். அவர் அந்த மாலையை எந்த ஆண்டில் வாங்கினார் என்பது வீட்டுக் கணக்கேடுகளில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். காரணம் இதுதான்: உருண்டையான வளர்ப்பு முத்துகள் உலகச் சந்தைக்குப் பெருமளவில் வந்தது 1920-களில். அதற்கு முன் வாங்கிய மாலையாக இருந்து, அண்ணமிண்டி சொன்ன நறநறப்பும் அதில் இருந்தால், நீங்கள் எடுத்துப்போட நினைக்கும் மஞ்சள் முத்துகள் கடலில் தானாக விளைந்தவையாக இருக்க இடம் உண்டு. முத்து வயதாக ஆக மஞ்சளிப்பது இயல்பு. பூச்சுப் போலிகள் பெரும்பாலும் உரிந்து போகும். கழுத்தில் பட்ட பக்கங்கள் வியர்வையில் தேய்ந்து முத்துகள் பீப்பாய் வடிவத்துக்கு வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பல காலம் அணிந்த அசல் முத்தில் அதைக் காணலாம்.

இயற்கை முத்தா வளர்ப்பு முத்தா என்பதைக் கண்ணாலும் பல்லாலும் உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியாது. எக்ஸ்ரே எடுத்து உள்ளமைப்பைப் பார்க்கும் இரத்தினப் பரிசோதனைக் கூடத்தில்தான் தெரியும், அதனால் முத்துக்குச் சேதமும் இல்லை. உதிர்ந்த முத்துகளையும் சேர்த்து அங்கே அனுப்புவதற்கு நான் வழிகாட்டுகிறேன். மாலையையோ உதிர்ந்த முத்துகளையோ அளவு காட்டுவதற்காக வியட்நாமுக்கு எடுத்துப்போக வேண்டாம்; பத்தரை வீட்டுக்கு வரச்சொல்லி, வெர்னியர் அளவுகோலில் அளந்த அளவை எழுதிக்கொண்டு போனால் போதும். வழக்கம்போல் நகைகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவும்போது இந்த மாலையை அதில் போடாதீர்கள். ஈரம் லேசாகப் பட்ட மெல்லிய துணியால் துடைத்து, காற்றில் உலரவிட்டு, வைர நகைகளோடு சேராமல் தனியே பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள்.

மகளுக்குப் புது முத்தில் தனியாக ஒரு மாலை கோத்துக்கொள்ளுங்கள். பழையதைப் பிரித்து அதில் சேர்க்க வேண்டாம். எடைக்கு விலைபோன பழங்காலத்து இயற்கை முத்துகளில், எடை குறையாதிருக்கத் துளையை மயிரிழைபோல் இட்டிருப்பார்கள். இன்றைய பட்டு நூல் அதில் நுழையாது. நூல் நுழையவில்லை என்று பத்தர் துரப்பணத்தைக் கையில் எடுத்தால், பரிசோதனை முடிவு வரும் வரை துளையைப் பெரிதாக்க விடாதீர்கள்.